சாக்பீஸ் எண் போட்ட இருபது வீடுகள்

போன மாதம் ஒருநாள் காலை என் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பதிவுசெய்த பெண் குரல். "வெளிநாடுகளோடு நடக்கும் வணிகம் உங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்திருக்கிறதா, கெடுதல் செய்திருக்கிறதா? மிக நல்லது என்றால் ஒன்றை அழுத்தவும்" என்று தொடங்கி நான்கு வரை சொன்னது. தெரியாது என்றால் எட்டை அழுத்த வேண்டும். நான் எதையும் அழுத்தவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டுக் குரல் தானே நின்றுகொண்டது.

அந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். இருபத்தாறு ஆண்டுகள் தருமபுரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் அதைக் கேட்டிருக்கிறேன். மக்கள் கருத்தைக் கேட்டு எண்ணாக மாற்றித் தரும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எனக்குக் கள ஆய்வாளர் வேலை. ஓய்வு பெற்று மூன்றாண்டு ஆகிறது. அந்த அழைப்பு வந்த இரண்டு நாளில் நிறுவனத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் பேசினார். போனில் கேட்டால் பாதிப் பேர் நடுவிலேயே துண்டித்துவிடுகிறார்களாம். "நேர்ல போனப்ப நீங்கல்லாம் எப்படி சார் கடைசி வரைக்கும் பதில் வாங்குனீங்க? புதுசா வர்றவங்களுக்குக் கொடுக்கணும், எழுதித் தாங்களேன்" என்றார். எழுதுகிறேன். அவர் கேட்டதற்கு இது பதிலாகுமா என்பது சந்தேகம்தான்.

இந்த வேலைக்கு வருமுன் நான்காண்டு ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் பேருந்தேறிப் போய்ப் பார்த்து எழுதுவேன். எத்தனை வண்டி, எந்தப் பக்கம் போனது, என்ன சரக்கு, எத்தனை பேர். இதற்கு மேல் ஒரு சொல் எழுதினால் சேலம் அலுவலகத்தில் அதை அடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் நிறுவனம் என்னை எடுத்தது. சேலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் ஐந்து நாள் பயிற்சி. ஆறாம் நாள் படிவக் கட்டோடு பென்னாகரம் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

வேலையின் முறை இதுதான். தேர்வான ஊருக்குப் போனதும் தெருப்படம் வரைய வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிலைக்குப் பக்கத்தில், வலது பக்கம், சாக்பீஸால் வரிசை எண் எழுத வேண்டும். பிறகு எண் அட்டவணையைப் பார்த்து அவற்றில் இருபது வீடுகளை எடுக்க வேண்டும். அந்த இருபதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போக வேண்டும். உட்கார்ந்ததும் முன்னுரையை அச்சில் உள்ளபடி படிக்க வேண்டும்: "நான் அரசாங்கத்திலிருந்தோ, கட்சியிலிருந்தோ, எந்தக் கம்பெனியிலிருந்தோ வரவில்லை. நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும்." கேள்வியைச் சுருக்கக் கூடாது, விளக்கக் கூடாது. கடைசிக் கேள்வி முடியும்வரை தண்ணீர் தவிர வேறெதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது.

வெளிநாட்டு வணிகம் பற்றிய கேள்வி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சுற்றுகளில் இருந்தது. முதல் சுற்றில் பெரும்பாலும் எட்டுதான் விழுந்தது. "ஃபாரின் வாட்ச்சு, ஃபாரின் சென்ட்டு வுக்கறாங்களே, அதைக் கேக்கறீங்களா? அதுக்கும் எங்களுக்கும் என்னங்க?" என்பார்கள். அடுத்த சுற்றுக்குள் கருங்கல் வெட்டிய பலகைகள் லாரி லாரியாகத் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. குவாரிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஓர் அம்மாள் நான்கு விடைகளையும் கேட்டுவிட்டு, "மலை போச்சுங்க. ஆனா அந்தக் கல்லு லாரி ஓட்டித்தான் எம் மவன் பொண்ணு கட்டுனான். நீங்களே பாத்து ஒரு நம்பர் போட்டுக்கங்க" என்றார். நானே போடக் கூடாது என்று சொன்னேன். "அப்ப எழுதாம வுடுங்க" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பட்டுப்புழு வளர்த்த அண்ணன் சீன நூல் வந்து தன் பட்டுக்கூட்டு விலையைக் கெடுத்துவிட்டது என்று நான்கு சொன்னார். மிகக் கெடுதல். விருந்துக்கு வந்திருந்த அவர் மச்சான் சேலத்தில் தறி ஓட்டுபவர். "சார், அந்த நூலு இல்லேன்னா எங்கூட்ல அடுப்பு எரியாது. ஒண்ணு போடுங்க" என்றார். அவர் அந்த வீட்டுக்காரர் இல்லை என்பதால் அவர் பதிலை நான் எழுத முடியாது. இரண்டு பேரும் எனக்கு எதிரிலேயே அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு ஒரே பைக்கில் ஏறி கறி வாங்கப் போனார்கள்.

இப்படியே போனால் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் என்னைச் சோர வைத்தது ஓர் ஊர்தான். அதைச் சொல்கிறேன்.

ஊரின் பெயரை எழுத மாட்டேன். ரகசியம் என்று படித்துக்காட்டிய முன்னுரை இன்னும் செல்லும். அரூரிலிருந்து தீர்த்தமலைப் பேருந்தில் போய் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதிக்குமேல் கத்தோலிக்கக் குடும்பங்கள், எல்லோரும் விவசாயிகள். ஆவணி மாதத் தொடக்கத்தில் போனேன். நான் எண் எழுதிக்கொண்டு வரும்போது சவரிமுத்து என்பவர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) கூடவே நடந்து வந்தார்.

"எல்லா வூட்டுக்கும் நம்பருங்களா?"

"எல்லாத்துக்கும். அதுல இருபது வீட்டை எடுப்போம்."

"இருபதுதானா? போன தடவை முப்பது எடுத்தீங்களே."

"அது வேற ஆளுங்களா இருக்கும்."

"ஆமாமா. ஆளுங்க மாறுவாங்க" என்று சிரித்தார்.

நான் வேறு ஏதோ கணக்கெடுப்பைச் சொல்கிறார் என்று நினைத்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். எந்தத் தடவை என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நிருபராக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்காமலிருக்க இத்தனை ஆண்டில் பழகியிருந்தேன்.

இருபதில் ஒன்று சவரிமுத்துவின் அண்ணி வீடு. ஆரோக்கியமேரி என்று வைத்துக்கொள்வோம். கணவர் இறந்து ஆறு ஆண்டு. வீட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. அவ்வளவுதான் அவருடையது. ராகி போட்டால் வருடம் முழுவதும் வீட்டுக்குச் சாப்பாடு ஆகும், மிச்சமிருக்காது. முன்னுரையைப் படித்து முடித்ததும், "கம்பெனி இல்லேங்கறீங்க. சரிங்க" என்று புன்னகை செய்தார். வெளிநாட்டு வணிகம் பற்றிய கேள்வியை நான் பாதி படிக்கும்போதே, "ரொம்ப நல்லதுங்க" என்றார்.

"நாலு பதிலையும் முழுசாப் படிச்சிடறேம்மா."

"படிங்க. எம் பதில் அதேதான்."

என்ன பயிர் என்ற பகுதியில் அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். மூன்றாண்டு ஒரு கம்பெனிக்குக் கெர்கின் போட்டிருக்கிறார். விரல் நீளத்தில் பறிக்க வேண்டிய வெள்ளரி அது. ஒரு ராத்திரி விட்டால் பெரிதாகி யாருக்கும் ஆகாது. இங்கே யாரும் அதைத் தின்பதில்லை. பீப்பாயில் காடியோடு அடைத்துக் கப்பலில் போகும். இரண்டு வருடமாகக் கம்பெனி வாங்க வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பேச்சு. அவருக்குக் காரணம் தெரியாது. "வருவாங்கன்னாங்க. வரலை" என்றார். நான் எழுதினேன்.

இருபது வீட்டிலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில். ஒன்று, ஒன்று, ஒன்று. எனக்கே உறுத்தியது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் உட்கார்ந்து கேட்டு எழுதியது. கட்டி அனுப்பிவிட்டேன்.

என் மேற்பார்வையாளர் சீனிவாசன் சென்னைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்கே உட்காரச் சொன்னாலும் கைக்குட்டையை நான்காக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். பச்சைப் பேனாவால் படிவங்களைத் திருத்துவார். முதலில் அவர் பார்ப்பது எட்டு எத்தனை என்பதைத்தான். உண்மையான மனிதர்களிடம் கேட்டால் தெரியாது என்ற பதில் வந்தே தீரும், டீக்கடையில் உட்கார்ந்து தானே நிரப்புகிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவர் கணக்கு. அப்படி அவர் மூன்று பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். மூன்று முறையும் கணக்குச் சரியாகவே இருந்தது.

புரட்டாசி பாதியில் போன் செய்தார். "அந்த ஊர்ப் படிவம் பாத்தேன். இருபதும் ஒண்ணு. ஒரு எட்டுகூட இல்லை. நாளைக்கு அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. மறுசரிபார்ப்பு." அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஐந்து வீட்டில் அவர் முன்னால் சில கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். பதில் பொருந்தினால் நான் உண்மையாகக் கேட்டவன். பொருந்தாவிட்டால் நான்காவது ஆள்.

பேருந்தில் ஒருமுறைதான் பேசினார். "நீங்க வீட்ல உக்காந்து எழுதலையே?"

"இல்லைங்க சார்."

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் நான் பார்த்தது எண்களை. ஒரு மாதத்துக்கு மேலாகியும் அழியவில்லை. சாதாரணமாக ஒரு வாரத்தில் குழந்தைகள் அழித்துவிடும். தேர்வாகாத வீடுகளில் அழிந்துதான் இருந்தது. அந்த இருபது வீடுகளில் மட்டும் எண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், எண்மேல் படாமல். ஆரோக்கியமேரி தன் வீட்டு எண்ணின் மேல் நீல எனாமல் பெயின்டில் எழுதியிருந்தார்.

பிறகு அவர் நிலத்தைப் பார்த்தேன். உழுது, பாத்தி கட்டி, வரப்போரம் கொடி படர வைக்கும் ஊன்றுகுச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். பாத்தியில் ஒன்றுமில்லை. ராகி போடும் பருவம் முடிந்துவிட்டது. சாலையிலிருந்து பார்க்கும்போது இன்னும் பல நிலங்கள் அதேபோல் வெறுமையாக இருந்தன. அவை யார் நிலங்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்களைக் கண்டதும் ஆரோக்கியமேரி ஓடிவந்து நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். "பெரிய சாரும் வந்திருக்காருங்களா! விதை எப்பங்க வரும்? எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கறேன்."

அவர் அதைச் சொன்ன நொடியில் எல்லாம் விளங்கியது. அந்தக் கெர்கின் கம்பெனி ஆளும் இப்படித்தான் வந்திருக்கிறான். தெருத்தெருவாக நடந்து வாசலில் எண் போட்டான். குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு நிலம், கிணறு உண்டா என்று கேட்டு எழுதினான். சில வீடுகளை மட்டும் எடுத்தான். இரண்டு மூன்று வாரத்தில் விதை வந்தது. நான் செய்ததும் அதேதான். கம்பெனியிலிருந்து வரவில்லை என்று நான் படித்ததை அவர்கள் ஓர் அதிகாரி சொல்லும் வழக்கமான பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு வணிகம் நல்லதா என்று கேட்டால் நல்லது என்று சொன்ன வீட்டுக்குத்தானே விதை கொடுப்பார்கள்?

நான் சீனிவாசனைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. காலியான பாத்திகளை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல கேள்வி" என்றார் மெதுவாக. "அப்புறம் பேசலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையை முதலில் சொல்லிவிட்டால் பதில் மாறும். பதில் மாறினால் போன மாதம் நான் கேட்டேனா இல்லையா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. நான் கேட்டேன் என்பதற்கு இந்தப் பெண்ணின் அந்த நம்பிக்கை ஒன்றுதான் சாட்சி. சொல்லாமல் கேட்டால் என் வேலை நிற்கும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. படிவத்தைப் பிரித்தேன்.

கேட்டேன். முழுக் கேள்வியையும், நான்கு விடைகளோடு, ஒரு சொல் குறையாமல். எனக்கு அன்று குரல் நன்றாகவே இருந்தது.

"ரொம்ப நல்லதுங்க" என்றார். பிறகு சீனிவாசனைப் பார்த்து, "ரொம்ப ரொம்ப நல்லதுங்க சார்."

பச்சைப் பேனா ஒரு டிக் போட்டது. கேள்விகள் முடிந்ததும் ஆரோக்கியமேரி கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த கலர் சோடாவை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். சீனிவாசன் பாதி குடித்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"அம்மா, நாங்க கம்பெனி ஆளுங்க இல்லை. மக்கள் என்ன நினைக்கறாங்கன்னு கேட்டு எழுதறவங்க. விதை எங்ககிட்ட இல்லை. கம்பெனி வருமா வராதான்னு எங்களுக்குத் தெரியாது. எங்களை நம்பி நிலத்தைச் சும்மா போடாதீங்க."

ஒவ்வொரு சொல்லும் சரி. அவர் எப்போதும் அப்படித்தான். கம்பெனி வராது என்பது எங்களுக்கு உண்மையிலேயே தெரியாது, அதனால் வராது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆரோக்கியமேரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வர நேரமாயிற்று. அதற்குள் சவரிமுத்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர்தான் பேசினார்.

"அப்ப வெளிநாட்டுக்காரன் நல்லவனா கெட்டவனான்னு கேக்கறதுக்கா மெனக்கெட்டு வந்தீங்க?"

"ஆமாங்க."

"கேட்டு?"

"எழுதி அனுப்புவோம். அறிக்கையா வரும்."

"யாரு படிப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "அவனே படிப்பானாட்ட இருக்குது. நாம அவனப் பத்தி நல்லவிதமாச் சொல்லிக்கறோம்னு சந்தோசப்படுவான். படட்டும்" என்றார். நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை. ஒருவர், "இனி கொள்ளுதான் போடணும். வேற எதுக்கும் நாளில்ல" என்று தன் நிலத்தைப் பார்த்து நடந்தார்.

மற்ற நான்கு வீட்டிலும் அப்படியே. முதலில் கேள்வி, டிக், பிறகு உண்மை. பட்டியலில் மீதி இருந்த பதினைந்து வீடுகளுக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். சீனிவாசன் தடுக்கவில்லை. ஆலமரத்தடியில் கைக்குட்டையைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். திட்டியவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள், "சரிங்க" என்றார்கள்.

திரும்பும்போது பேருந்தில் நான் கேட்டேன். "சார், இந்த ஊரை எடுத்துட்டு மாற்று ஊர் போட முடியாதா? பதில் உண்மை இல்லையே."

"பதில் பொருந்துதே."

"விதை வரும்னு நினைச்சுச் சொன்னது சார்."

"எதை நினைச்சுச் சொன்னாங்கன்னு எழுத நம்ம படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்லைங்க."

கொஞ்ச தூரம் போனபின், பார்வை வெளியிலேயே இருக்க, "கடைசிப் பக்கத்துல குறிப்புக்கு மூணு வரி இருக்கு. எழுதிடுங்க" என்றார். இருபது படிவத்திலும் எழுதினேன். அந்த மூன்று வரி கணினியில் ஏறுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த வருடம் அச்சாகி வந்த அறிக்கையில், ஒப்பந்தப் பயிர் நின்றுபோன பகுதிகளில்கூட வெளிநாட்டு வணிகத்துக்கு மக்கள் ஆதரவு உறுதியாக இருப்பதாக ஒரு வாக்கியம் இருந்தது.

கார்த்திகையில் வேறொரு வேலையாக அரூர் போனபோது பேருந்து நிலையத்தில் சவரிமுத்துவைப் பார்த்தேன். கையில் மருந்துக்கடைப் பை. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவராகவே வந்தார்.

"என்ன சார், இன்னைக்கு எந்த ஊர்ல நம்பரு?"

நிலமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நீங்க போன மறுநாளே எல்லாரும் கொள்ளு போட்டுட்டோம். பரவால்லீங்க, வந்திருக்குது."

"உங்க அண்ணி?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அண்ணி போடலீங்க. நாங்க எல்லாருஞ் சொல்லிப் பாத்துட்டோம். ஏர் நானே ஓட்டறேன்னேன். கேக்க மாட்டேங்குது. 'இல்லேன்னு சொல்றதுக்கு யாராச்சும் ரெண்டு பேரு பஸ் ஏறி வருவாங்களாடா? வராதவங்க பேசாம வூட்ல இருந்துக்குவாங்க. அதுலயும் பெரிய சாரே வந்து பாத்துட்டுப் போயிருக்காரு'ங்குது. பாத்தியில புல்லு மொளைக்க வுடறதில்ல. தெனம் காலையில எறங்கிப் புடுங்குது."

"ராகி இல்லையே, சாப்பாட்டுக்கு?"

"எங்கூட்ல இருந்து போவுது. அது கெடக்குதுங்க."

நான் ஒருமுறை வந்து நேரில் தெளிவாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கம்பெனி வராது என்றே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருடைய பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அய்யய்யோ, வேணாங்க சார். நீங்க இன்னொரு தடவை வந்தீங்கன்னா பக்கத்துக் காட்டையும் குத்தகைக்குப் புடிச்சு உழுது வெச்சுரும்."